மாத்திரைக்கு அடங்காத பிரஷரும் சிறுநீரக நரம்புச் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஓர் இதய மருத்துவமனையின் கேத் லேபில், அதாவது ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறையில், பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் கோபி பக்கம். ஊருக்குப் போனால் கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார்: "ஏங்கண்ணு, கிட்னி நரம்பைச் சுட்டுவிட்டால் அப்புறம் பிரஷர் மாத்திரையே வேண்டாமாமே?" அப்படி இல்லை. ஆனால் ஒதுக்கித் தள்ள வேண்டிய சிகிச்சையும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு இது வேண்டுமா என்று சொல்ல வேண்டியவர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர்தான்.

இது என்ன சிகிச்சைங்க?

மருத்துவமனையில் ரீனல் டினர்வேஷன் என்பார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சூட்டால் செயலிழக்க வைப்பது. வயிற்றைக் கிழிப்பதில்லை. தொடை இடுக்கில் ஊசி போடும் அளவுக்கு ஒரு துளை, அது வழியாக ஒரு மெல்லிய குழாய், அவ்வளவுதான்.

நரம்புக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். தோட்டத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்போம் அல்லவா, கரண்ட் வந்ததும் யாரும் போகாமலே மோட்டார் ஓடத் தொடங்கும். அதுபோல மூளையிலிருந்து வரும் சில நரம்புகள் சிறுநீரகத்தை எந்நேரமும் முடுக்கிக்கொண்டே இருக்கின்றன. உப்பையும் தண்ணீரையும் பிடித்து வை, ரத்தக்குழாயைச் சுருக்கு, ரெனின் என்ற சுரப்பை விடு என்பவைதான் அந்தக் கட்டளைகள். சிறுநீரகத்திலிருந்து மூளைக்கும் திரும்பச் செய்தி போகிறது, அது உடம்பு முழுக்கப் பதற்றத்தை ஏற்றுகிறது. சிலருக்கு இந்தப் போக்குவரத்து அளவுக்கு மீறி நடக்கிறது. சிகிச்சையில் மோட்டாரைத் தொடுவதில்லை, ஸ்டார்ட்டர் வயரைத்தான் குறைக்கிறோம்.

யோசனை புதிதல்ல. நல்ல மாத்திரைகள் வருவதற்கு முன்பு, 1930களிலிருந்து 1950கள் வரை, முதுகைத் திறந்து இந்த வகை நரம்புகளை வெட்டியே எடுத்தார்கள். பிரஷர் இறங்கியது. ஆனால் பலருக்கு எழுந்து நின்றாலே மயக்கம் வந்தது. மாத்திரைகள் வந்ததும் அந்த அறுவை போய்விட்டது. இப்போது செய்வது சிறுநீரகத்தின் நரம்பை மட்டும் குறிவைக்கிறது, அதுவும் ரத்தக்குழாய்க்கு உள்ளிருந்தபடியே.

நரம்பு போய்விட்டால் கிட்னி வேலை செய்யுமுங்களா?

செய்யும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது அதன் நரம்புகள் எல்லாமே வெட்டுப்பட்டுத்தான் வருகின்றன. அந்தச் சிறுநீரகம் வருடக்கணக்கில் சிறுநீரைப் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கப்பாருக்கு 170க்குக் கீழே இறங்குவதே இல்லை. உடனே பண்ணிவிடலாமுங்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

"மாத்திரைக்கு அடங்காத பிரஷர்" என்று டாக்டர்கள் சொல்வதற்கு ஒரு வரையறை உண்டு. மூன்று வெவ்வேறு வகை மாத்திரைகள், அதில் ஒன்று நீர் பிரிய வைக்கும் மாத்திரை, மூன்றும் உடம்பு தாங்கும் முழு அளவில். உதாரணமாக டெல்மிசார்டன், ஆம்லோடிபின், குளோர்தலிடோன். இவற்றை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால்தான் அந்தப் பெயர். பிரஷர் அடங்கியிருக்கிறது, ஆனால் அதற்கு நான்கு மாத்திரை வேண்டியிருக்கிறது என்றாலும் அதே பெயர்தான். 170 என்ற எண்ணை மட்டும் வைத்து யாரும் இதைச் சொல்ல முடியாது.

ஒரு முறை காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மேல் பிரஷர் 186. நான்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இறங்கவே மாட்டேன் என்கிறது என்றார். மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்க்கச் சொன்னேன். அட்டை அட்டையாக விழுந்தன. இரண்டு அட்டைகள் பெயர்தான் வேறு, உள்ளே இருந்தது ஒரே ஆம்லோடிபின். இரண்டு ஊர் டாக்டர்கள் இரண்டு கம்பெனி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நீர் மாத்திரை அட்டையில் மூன்றுதான் குறைந்திருந்தது. ஏனுங்கம்மா என்றேன். "பஸ்ஸுல போறப்ப எங்க சாமி எறங்கிப் போறது? அதனால வெளிய போற அன்னைக்குச் சாப்பிடறதில்ல." மில் வேலைக்குப் போகிறவர், தினமும் பஸ்தான். அப்புறம் பைக்குள் கையை விட்டுப் பார்த்தால், அடியில் முழங்கால் வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக், மெடிக்கலில் கேட்டு வாங்கியது, தினம் இரண்டு. அந்த மாத்திரை உப்பையும் தண்ணீரையும் உடம்பில் நிறுத்தும், பிரஷர் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

டாக்டர் நீர் மாத்திரையை அவர் வீடு திரும்பிய பிறகு சாப்பிடும்படி நேரம் மாற்றினார். வலி மாத்திரையை நிறுத்தி வேறு வழி சொன்னார். ஆறு வாரம் கழித்து வந்தபோது 142. அந்த அம்மாவுக்கு எந்த நரம்பையும் சுட வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதிரி ஆட்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். திருப்பூரில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் காலை மாத்திரையைத் தூக்கத்தில் விட்டுவிடுகிறார். சங்ககிரி லாரி ஓட்டுநர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் பத்து நாளைக்கு மாத்திரை இல்லை. அவர்களைத் திட்டிப் பயனில்லை. வேலைக்குத் தகுந்தபடி நேரத்தையும் மாத்திரையையும் மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் வருவதும் உண்டு. இதை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சாப்பிடாததைச் சாப்பிட்டதாகச் சொன்னால் டாக்டர் ஐந்தாவது மாத்திரை எழுதுவார், இல்லாவிட்டால் எங்கள் கேத் லேபுக்கு அனுப்புவார்.

இன்னொன்று அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக்கும் என்று மாதக்கணக்கில் வாயில் போட்டு மெல்பவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். அது பொட்டாசியத்தைக் குறைத்துப் பிரஷரை ஏற்றும். சூரணம், லேகியம் எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு அளவு, வீட்டில் ஒரு அளவு காட்டுதுங்களே?

டாக்டரைப் பார்த்தாலே பலருக்கு ஏறும். கோவைக்கு இரண்டு பஸ் மாறி, டோக்கன் வாங்கி, படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் உண்மையான அளவு வராது.

வீட்டில் பார்க்கும்போது காபி, டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம். கை இதயத்தின் மட்டத்துக்கு மேசைமேல் இருக்கட்டும். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றக் கூடாது. கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை வேண்டும், சின்னப் பட்டை பொய்யாக ஏற்றிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் எழுதி வையுங்கள். காலை, மாலை என ஒரு வாரத்துக்கு எழுதிய நோட்டு ஒன்று இருந்தால் டாக்டருக்கு அது பெரிய உதவி.

நரம்புச் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் முன் 24 மணி நேர மிஷின் மாட்டுவார்கள். இடுப்பில் சின்னப் பெட்டி, கையில் பட்டை. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை தானே அளக்கும், தூக்கத்திலும் அளக்கும். அதன் சராசரி 130/80க்கு மேல் இருந்தால்தான் உயர் ரத்த அழுத்தம். இந்தப் பரிசோதனை இல்லாமலே சிகிச்சைக்குத் தேதி குறித்தால், ஏன் என்று கேளுங்கள்.

வேறு நோயால் பிரஷர் ஏறியிருக்குமா?

ஏறியிருக்கலாம், அதைத் தேடியாக வேண்டும். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, உப்பை உடம்பில் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற சுரப்பை அதிகமாகச் சுரக்கலாம். மாத்திரைக்கு அடங்காதவர்களில் ஐந்தில் ஒருவர் வரை இதுதான் காரணம், ரத்தப் பரிசோதனையில் தெரியும், தனி மருத்துவமும் உண்டு. சிறுநீரக ரத்தக்குழாயில் அடைப்பு, தைராய்டு, ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் பிரஷரை ஏற்றும். அதை நோயாளி சொல்ல மாட்டார், பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். அதனால் மனைவியையோ கணவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

நான்காவதாக ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதோடு இளநீர் குடிக்கலாமுங்களா?

பெரும்பாலும் அது ஸ்பைரனோலாக்டோன். மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு நான்காவதாக எது நல்லது என்று பார்த்து 2015இல் வந்த பாத்வே-2 ஆய்வில் இதுதான் மற்றவற்றை முந்தியது. விலையும் குறைவு. நரம்புச் சிகிச்சைக்கு முன் இதை முயன்று பார்த்தார்களா என்பது முக்கியமான கேள்வி. சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும், அப்போது டாக்டர் மாற்றித் தருவார்.

இளநீர் விஷயம் நம் ஊருக்கு ரொம்ப அவசியம். ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தும், டெல்மிசார்டனும் நிறுத்தும். இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் கொஞ்சம் பழுதுபட்டவர் இரண்டு மாத்திரையோடு பொள்ளாச்சி இளநீரைத் தினமும் குடித்தால் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்த பிறகு டாக்டர் எவ்வளவு சொல்கிறாரோ அவ்வளவு குடியுங்கள்.

எப்படிச் செய்வார்கள்? வலிக்குமுங்களா?

முன்னதாக ஸ்கேன் எடுத்துச் சிறுநீரக ரத்தக்குழாய் எத்தனை இருக்கிறது, என்ன அகலம் என்று பார்ப்பார்கள். சிலருக்கு ஒரு பக்கமே இரண்டு குழாய் இருக்கும்.

அன்று காலை தொடை இடுக்கைச் சவரம் செய்து, பச்சைத் துணி போர்த்தி மேசையில் படுக்க வைப்போம். கேத் லேப் எப்போதும் குளிராக இருக்கும், வயதானவர்கள் நடுங்குவார்கள், அதனால் நான் கால்மேல் ஒரு போர்வை போடுவேன். தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி. அப்புறம் கையில் ஏறும் டிரிப் வழியாகத் தூக்க மருந்தும் வலி மருந்தும். குழாய் பெரிய தமனி வழியாக மேலே போய், சிறுநீரகத்துக்குப் பிரியும் கிளைக்குள் நுழையும். மருந்து நீரைச் செலுத்தும்போது அந்தக் கிளை திரையில் மரக்கிளை மாதிரி கறுப்பாகத் தெரியும்.

இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் குழாயின் நுனி ஸ்பிரிங் போலச் சுருண்டு ரத்தக்குழாயின் சுவரைத் தொடும், அதில் நான்கு மின்முனைகள், ஒரு இடத்துக்கு 60 நொடி சூடு. இன்னொன்று அல்ட்ராசவுண்ட். சின்ன பலூன் ஒன்று உள்ளே விரியும், அதில் குளிர்ந்த நீர் ஓடி உட்சுவரைக் காக்கும், ஒலி அலை வெளிப்பக்கத்து நரம்பைச் சுடும், ஒரு தடவைக்கு 7 நொடி. இரண்டு பக்கமும் முடிக்க ஒரு மணி நேரம் போல ஆகும்.

வலியை மறைக்க மாட்டேன். சூடு போகும் நேரத்தில் அடிவயிற்றிலும் இடுப்பிலும் ஆழமாக ஒரு வலி வரும், ஏனென்றால் நாம் சுடுவதே நரம்பைத்தான். சாதாரண ஆஞ்சியோவுக்கு இல்லாத அளவு வலி மருந்து இதற்குக் கொடுப்பது அதனால்தான். சூடு நின்றதும் வலியும் நின்றுவிடும். நான் பக்கத்தில் நின்று, "இப்ப ஒன்று ஆரம்பிக்குதுங்க, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு பெரியவர் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவே இல்லை.

முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும். பலருக்குச் சிகிச்சையைவிட இந்த முதுகுவலிதான் ஞாபகம் இருக்கும்.

எத்தனை புள்ளி குறையும்?

இங்கேதான் ஊரில் பேசுவதற்கும் ஆய்வு சொல்வதற்கும் தூரம் அதிகம்.

2009இல் முதல் முடிவுகள் வந்தபோது எல்லோரும் ஆகாயத்தில் பறந்தார்கள். 45 பேருக்குச் செய்து, ஒரு வருடத்தில் 27 புள்ளி இறங்கியது என்றார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் ஆளே இல்லை. 2014இல் சிம்பிளிசிட்டி-3 என்ற ஆய்வு 535 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு உண்மையான சிகிச்சை. மறுபகுதிக்கு ஆஞ்சியோ மட்டும் எடுத்து, சூடு வைக்காமலே அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 14 புள்ளி, சும்மா படுத்து எழுந்தவர்களுக்கு 12 புள்ளி இறங்கியிருந்தது! கவனிப்பு கிடைத்ததும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார்கள் என்பது அதற்கு முக்கியமான விளக்கம். மஞ்சப்பை கதையை நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

அதோடு இந்தச் சிகிச்சை ஒழிந்தது என்றுதான் எண்ணினார்கள். ஆனால் கருவியிலும் குறை இருந்தது. பழைய கருவிக்கு ஒரே மின்முனை. குழாயைச் சுற்றிலும் சுட வேண்டியதை ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் விட்டிருந்தார்கள். செய்தவர்களில் பலருக்குக் கை பழகவும் இல்லை. கருவியை மாற்றி, அதே கண்டிப்பான முறையில் மறுபடி ஆய்வு செய்தார்கள். 2021இல் ரேடியன்ஸ் ட்ரையோ ஆய்வில், மூன்று மருந்துக்கும் அடங்காத 136 பேர். மருந்துகளை ஒரே மாத்திரையாக மாற்றிக் கொடுத்த பிறகும் இறங்காதவர்கள் அவர்கள். இரண்டு மாதத்தில் பகல்நேர அளவு சிகிச்சை பெற்றவர்களுக்கு 8 புள்ளி, மற்றவர்களுக்கு 3 புள்ளி இறங்கியது. 2023 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மேலே சொன்ன இரண்டு முறைகளின் கருவிகளுக்கும் அனுமதி கொடுத்தது.

ஆக, சிகிச்சையால் மட்டும் கிடைப்பது சராசரியாக 5 புள்ளி போல. சின்னதாகத் தோன்றும். மாத்திரை ஆய்வுகளில் சேர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், மேல் பிரஷர் 5 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை பத்தில் ஒரு பங்கு குறைந்தன. நரம்புச் சிகிச்சையே அவற்றைக் குறைத்தது என்று நேரடியாகக் காட்டிய ஆய்வு இன்னும் வரவில்லை. சிலருக்கு 15, 20 கூட இறங்குகிறது, சிலருக்கு ஒன்றுமே இறங்குவதில்லை. யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை கிடையாது.

அப்போ மாத்திரையை நிறுத்திவிடலாமுங்களா?

கூடாது. பிரஷர் இறங்குவதே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகத்தான். மறுநாள் காலை அதே 160 இருந்தால் மனம் தளர வேண்டாம். நன்றாக இறங்கியவர்களுக்கு டாக்டர் ஒன்றிரண்டு மாத்திரை குறைக்கலாம். நீங்களாகக் குறைத்தால் பிரஷர் எகிறும்.

ஆபத்து என்ன?

அதிகம் வருவது துளை போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவதும் வீங்குவதும். அபூர்வமாக அங்கே ரத்தக்குழாய் புடைக்கும். அதைவிட அபூர்வமாகச் சிறுநீரக ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம், பின்னாளில் சுருங்கலாம், அப்போது ஸ்டென்ட் வைக்க வேண்டிவரும். ஆஞ்சியோ மருந்து நீர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஒவ்வாமையும் வரலாம். மூன்று வருடம்வரை தொடர்ந்து பார்த்ததில் பிரஷர் குறைந்தபடியே இருந்தது, சிறுநீரகமும் இதனால் கெடவில்லை.

யாருக்குச் செய்ய மாட்டார்கள்?

கர்ப்பிணிகளுக்கு, சிறுநீரக ரத்தக்குழாயில் அடைப்போ ஸ்டென்டோ இருப்பவர்களுக்கு, குழாய் மிகச் சிறியதாக உள்ளவர்களுக்கு. ரிப்போர்ட்டில் சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு என்று ஒரு எண் இருக்கும், அது 40க்குக் கீழே இருந்தால் பொதுவாகச் செய்வதில்லை. வேறு நோயால் பிரஷர் ஏறியிருந்தால் அந்த நோயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஐரோப்பிய இதய மருத்துவர்களின் 2024 வழிகாட்டுதல், அனுபவமுள்ள மையத்தில், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு, நோயாளி விரும்பினால் பரிசீலிக்கலாம் என்கிறது. முதல் சிகிச்சையாக வேண்டாம் என்றும் சொல்கிறது.

சர்க்கரை இருப்பவர்கள் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள், சில நாள் நிறுத்தச் சொல்லலாம். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

செலவு?

சூடு வைக்கும் குழாய் வெளிநாட்டிலிருந்து வருகிறது, ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்த முடியாது. அதனால் ஆஞ்சியோவைவிடப் பல மடங்கு ஆகும். மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீடோ தனியார் காப்பீடோ எதுவானாலும், ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகு தேதி குறியுங்கள். காட்டை அடமானம் வைத்துச் செய்யட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாமுங்க என்றேன். சராசரியாக 5 புள்ளிக்காகக் காட்டை வைக்க வேண்டாம். பிரஷர் மாத்திரை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு?

மறுநாள் அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் போல மூட்டை தூக்க வேண்டாம், டிராக்டர், பைக் ஓட்ட வேண்டாம். துளை போட்ட இடம் வீங்கினால், ரத்தம் கசிந்தால், கால் சில்லிட்டால் உடனே அழையுங்கள். நெஞ்சுவலி, வாய் கோணுதல், பேச்சுக் குளறுதல் வந்தால் 108தான். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், சாயங்காலம் பேக்கரியில் டீயோடு சாப்பிடும் மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சாராயம் எந்த அளவானாலும் பிரஷரை ஏற்றும்.

முதல் தடவை டாக்டரைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய ரிப்போர்ட், வீட்டில் எழுதிய பிரஷர் நோட்டு, வீட்டு மிஷின் இருந்தால் அதையும். குறட்டையைப் பற்றிச் சொல்ல ஒரு ஆள். அப்புறம் மஞ்சப்பை, அதில் சாப்பிடுகிற எல்லா மாத்திரையும், பாதி விட்டுவைத்த அட்டைகள், வலி மாத்திரை, சூரண டப்பா உட்பட.